பள்ளி மாவட்டம் என்றால் என்ன? யூனியன் சிட்டியை வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனை அறை, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகுதான் வரும். "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்பதே முதல் கேள்வி. ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு பள்ளி மாவட்டத்தில் இருந்தால், ஒரே மாதிரி வீடுகளுக்கு விலை வேறாக இருக்கும். ஊரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிக்கு இது விளங்குவதில்லை. பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தால் சரி, மாவட்டத்தை ஏன் விசாரிக்க வேண்டும்?

இந்த ஏற்பாட்டைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் நியூ ஜெர்சியில் யூனியன் சிட்டி என்ற ஊரின் பள்ளி மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய 12,000 மாணவர்கள் படிக்கும் நடுத்தர மாவட்டம் அது. பணக்கார ஊர் அல்ல. பள்ளி மாவட்டம் என்ற அமைப்பின் பலமும் பலவீனமும் அங்கே பளிச்சென்று தெரியும்.

யார் நடத்துகிறார்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் பாடநூல் அச்சடிப்பதும் மாநில அரசு. மாவட்டத்தில் இருக்கும் முதன்மைக் கல்வி அலுவலர் சென்னையிலிருந்து வரும் உத்தரவுகளை நிறைவேற்றுபவர். தருமபுரியில் நிலத்தின் விலை குறைவு என்பதற்காக அங்குள்ள ஆசிரியருக்குச் சம்பளம் குறைவதில்லை.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் கிட்டத்தட்ட ஒரு தனி உள்ளாட்சி. பெரும்பாலான இடங்களில் அதற்குத் தனித் தேர்தல் நடந்து, ஊர் மக்கள் கல்வி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்கூல் போர்டு என்பது இதுதான். பல ஊர்களில் உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது. அந்த வாரியம் சூப்பரின்டென்டென்ட் என்ற தலைமை நிர்வாகியை வேலைக்கு அமர்த்துகிறது. ஆசிரியர் நியமனம், சங்கத்தோடு சம்பளப் பேச்சு, பேருந்து, மதிய உணவு, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது வரை எல்லாம் இவர்கள் கையில். பாடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற வரம்பை மாநிலம் வகுக்கும். அந்த வரம்புக்குள் எந்தப் புத்தகம், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை மாவட்டம் முடிவு செய்யும்.

நமக்கு இது முழுக்க அந்நியமும் அல்ல. சென்னை மாகாணக் காலத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்தின. வயதில் மூத்தவர்கள் இன்றும் "நான் போர்டு ஸ்கூலில் படித்தேன்" என்பார்கள். நாம் அந்த முறையை விட்டு மாநில அரசிடம் வந்துவிட்டோம், அமெரிக்கா அதிலேயே இருக்கிறது.

இன்று அந்த நாட்டில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. 1940 வாக்கில் 1 லட்சத்து 17 ஆயிரம் இருந்தன. ஒற்றை வகுப்பறைப் பள்ளிக்கூடம்கூடத் தனி மாவட்டமாக இருந்த காலம் அது. இணைத்து இணைத்து இந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாவட்டம். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே உள்ள நியூ ஜெர்சியில் கிட்டத்தட்ட 600! ஊருக்கு ஊர் தனி வாரியம், தனி சூப்பரின்டென்டென்ட், தனி பட்ஜெட்.

யூனியன் சிட்டியில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கல்வி வாரியத்துக்குத் தேர்தல் இல்லை, மேயரே உறுப்பினர்களை நியமிக்கிறார். நியூ ஜெர்சி சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. மேயரின் அரசியல் பள்ளிக்குள் நுழையும் ஆபத்து இதில் உண்டு. மேயரும் வாரியமும் ஒரே திசையில் நடந்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்ற வசதியும் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது

பள்ளி மாவட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும்.

மத்திய அரசு கொடுப்பது பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி சொத்து வரி. நியூ ஜெர்சியில் வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. ஊரில் வீடுகளின் விலை அதிகமாக இருந்தால், வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பணம் கொட்டும். வீடுகள் மலிவாக இருந்தால், விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் போதாது.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ நகரத்தின் இரண்டு மாவட்டங்களைப் பற்றிய கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மாவட்டம் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டது. அந்த நகரப் பகுதியிலேயே அதுதான் அதிக விகிதம். அப்படியும் மாணவர் ஒருவருக்கு உள்ளூர்ப் பணமாக 26 டாலர்தான் தேறியது. அலமோ ஹைட்ஸ் மாவட்டம் 85 சென்ட் மட்டுமே போட்டு, மாணவருக்கு 333 டாலர் எடுத்தது. மாநில, மத்திய நிதியைச் சேர்த்த பிறகும் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594 டாலர். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைந்த பணம். இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

எட்ஜ்வுட் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1973 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல, இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் மாநிலங்கள் மாற்றட்டும் என்பது அதன் சாரம்.

எல்லைக்கோட்டின் பலம் பணத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கிலும் இதே ஐந்துக்கு நான்கு. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளையினப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்க மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது என்றது நீதிமன்றம். புறநகர் மாவட்டங்கள் பாகுபாடு செய்ததாக நிரூபித்தால்தான் முடியும். 2011-இல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு தாய், தன் தந்தையின் முகவரியைக் காட்டிப் பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்ததற்காகச் சிறையில் இருந்தார். நல்ல பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்ததற்கு!

மாநில நீதிமன்றத்தின் கதவு

டெக்சாஸ் பெற்றோர் தோற்ற இரண்டே வாரத்தில், 1973 ஏப்ரல் 3 அன்று, நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் நேர் எதிரான முடிவுக்கு வந்தது. அந்த மாநிலத்தின் சொந்த அரசியல் சட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையான, திறம்பட்ட இலவசப் பள்ளிக் கல்வி தர வேண்டும் என்ற வரி 1875 முதலே இருக்கிறது. சொத்து வரியை நம்பி நடத்தும் பள்ளி முறை அந்த வாக்குறுதியை மீறுகிறது என்றார்கள் நீதிபதிகள்.

தீர்ப்பு வந்தாலும் பணம் வரவில்லை. அப்போது நியூ ஜெர்சியில் வருமான வரி கிடையாது. புதிய வரி போட எந்த அரசியல்வாதிக்கும் மனமில்லை. மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1976 ஜூலை 1 அன்று நீதிமன்றம் மாநிலத்தின் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூட வைத்தது. கோடைகாலம் என்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடுமுறைதான். ஆனால் அரசுக்கு அவமானம். ஒரே வாரத்தில் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது.

அதுவும் போதவில்லை. 1981-இல் கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி என்ற நான்கு ஊர்களைச் சேர்ந்த 20 பிள்ளைகளின் பெயரில் ஆபட் எதிர் பர்க் என்ற வழக்கு தொடங்கியது. அதன் தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்தாண்டுகளுக்கு வந்தன. 1990-இல் வந்த தீர்ப்புதான் பெரிய திருப்பம்: 28 ஏழை நகர மாவட்டங்களில் மாணவருக்குச் செலவாகும் தொகை, வசதியான புறநகர் மாவட்டங்களில் செலவாகும் தொகைக்குச் சமமாக வேண்டும். அதற்கு மேல், வறுமையால் வரும் தேவைகளுக்குத் தனியாகவும் கொடுக்க வேண்டும். இந்த ஊர்களுக்கு ஆபட் மாவட்டங்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. யூனியன் சிட்டியும் அவற்றில் ஒன்று.

அரசியலில் இதற்கு விலை இருந்தது. பள்ளி நிதிக்காகவும் பட்ஜெட் பற்றாக்குறைக்காகவும் வரியை ஏற்றிய ஆளுநர் ஜிம் ஃப்ளோரியோ 1993 தேர்தலில் தோற்றார். வரி எதிர்ப்பு அலை அவரை அடித்துப் போனது. ஆனாலும் தீர்ப்பு நின்றது. 1998-இல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், ஆபட் ஊர்களில் மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் முன்மழலைக் கல்வி தர வேண்டும், இடிந்த பள்ளிகளை மாநிலச் செலவில் கட்டித் தர வேண்டும் என்றது.

யூனியன் சிட்டி என்ன செய்தது

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு எதிர்க்கரையில், ஹட்சன் ஆற்றை ஒட்டிய மேட்டில் இருக்கிறது யூனியன் சிட்டி. பரப்பு 3.3 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 68,000-க்கும் மேற்பட்டோர். அமெரிக்காவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நகரங்களில் ஒன்று. ஒரு காலத்தில் எம்பிராய்டரித் தொழிலுக்குப் பேர்போனது. 1960-களில் கியூபாவிலிருந்து வந்தவர்கள் குடியேறியதால் ஹட்சன் கரையின் ஹவானா என்று பட்டப்பெயர் வந்தது. பிறகு டொமினிக்கன் குடியரசு, எக்வடோர், மத்திய அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஸ்பானிய மொழி. குடியேற்ற ஆவணம் இல்லாத குடும்பங்களும் உண்டு. அவர்களின் பிள்ளைகளையும் பள்ளி மாவட்டம் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்பது 1982-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

1989-இல் இந்த மாவட்டம் மூழ்கும் நிலையில் இருந்தது. மாநிலம் வைத்த 52 அளவுகோல்களில் 44-இல் தேறவில்லை. அதே ஆண்டில் பக்கத்து ஊரான ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை மாநில அரசு நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அடுத்தது நீங்கள்தான் என்று யூனியன் சிட்டிக்கு எச்சரிக்கை போனது. நிலைமையைச் சரிசெய்து காட்டக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது.

இங்கே நடந்ததுதான் எனக்கு இந்த ஊரைப் பிடிக்கக் காரணம். புதிதாக வந்த சூப்பரின்டென்டென்ட் தாமஸ் ஹைட்டன் வெளியிலிருந்து மீட்பர் யாரையும் அழைத்து வரவில்லை. இருமொழிக் கல்விப் பிரிவில் இருந்த ஃப்ரெட் காரிக் என்பவரிடம் பாடத்திட்டப் பொறுப்பைக் கொடுத்தார். காரிக் ஆசிரியர்களைக் குழுவாக உட்கார வைத்து, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். எங்கும் ஒரே பதில்: வாசிப்பு. பயிற்சித் தாள்களில் கோடிட்ட இடத்தை நிரப்பியே காலம் போயிருந்தது, முழுப் புத்தகம் எதையும் பிள்ளைகள் படித்திருக்கவில்லை.

முதலில் மூன்றாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளிடம் மாற்றத்தைத் தொடங்கி, அவர்கள் மேலே போகப் போக மேல் வகுப்புகளையும் மாற்றிக்கொண்டே போனார்கள். வகுப்பறைக்குள்ளேயே நூலகம் வைத்தார்கள். வாசிப்புக்கும் எழுத்துக்கும் நீண்ட பாடவேளை ஒதுக்கினார்கள், மணியடித்து நாற்பது நிமிடத்தில் துரத்துவது நின்றது. ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்து வரும் குழந்தைக்கு முதலில் அந்த மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்து, கூடவே ஆங்கிலத்தை வளர்த்து, பிறகு மெல்ல மாற்றினார்கள். தாய்மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளை இன்னொரு மொழியை எளிதாகப் பிடித்துக்கொள்ளும் என்பதை நாம் எத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்! அவர்கள் அதை ஒரு மாவட்டம் முழுக்கச் செய்து பார்த்தார்கள்.

1990-களில் தொலைபேசி நிறுவனமான பெல் அட்லாண்டிக் இந்த ஊரின் கிறிஸ்டோபர் கொலம்பஸ் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு வீட்டிலும் பள்ளியிலும் கணினி கொடுத்து இணைத்தது. 1996-இல் அதிபர் பில் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் அந்தப் பள்ளியைப் பார்க்க வந்தார்கள். கணினிதான் ஊரை மாற்றியது என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையை ஆசிரியர்கள் சில ஆண்டுகளாக மாற்றி வைத்திருந்த இடத்துக்குத்தான் கணினி வந்து சேர்ந்தது.

முன்மழலைக் கல்விக்கும் இங்கே முழு மனதோடு இடம் கொடுத்தார்கள். ஆபட் விதிப்படி ஒரு வகுப்பில் 15 குழந்தைகளுக்கு மேல் கூடாது. பட்டமும் அதற்குரிய சான்றிதழும் பெற்ற ஆசிரியர் ஒருவர், உதவியாளர் ஒருவர். முழு நாள் பள்ளி, பெற்றோர் ஒரு காசும் கட்ட வேண்டாம். மூன்று வயதுக் குழந்தை அங்கே மணலும் தண்ணீரும் வைத்து விளையாடும், கதை கேட்கும், இரண்டு மொழிகளில் பேசும்.

ஊர் பெரிதாக வளர இடமில்லை. 1925-இல் யூனியன் ஹில், வெஸ்ட் ஹோபோக்கன் என்ற இரண்டு ஊர்கள் சேர்ந்துதான் யூனியன் சிட்டி ஆனது. அதனால் உயர்நிலைப் பள்ளிகளும் இரண்டு இருந்தன, இரண்டும் பழையவை. மாநிலப் பணத்தில், சுமார் 18 கோடி டாலர் செலவில், பழைய ரூஸ்வெல்ட் மைதானம் இருந்த இடத்தில் புதுப் பள்ளி கட்டி 2009-இல் இரண்டையும் இணைத்தார்கள். மைதானத்தை இழந்தால் பிள்ளைகள் எங்கே விளையாடுவது? பள்ளியின் மொட்டைமாடியில் கால்பந்து மைதானம் அமைத்துவிட்டார்கள்.

2011-இல் இந்த மாவட்டத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 89.5 சதவீதம். அன்றைய தேசிய சராசரியைவிடச் சுமார் 10 புள்ளிகள் அதிகம்.

இதை வைத்துப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதே ஆபட் பணம் கேம்டனுக்கும் போனது. கேம்டன் பள்ளிகளை 2013-இல் மாநிலம் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. பணம் அவசியமில்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. யூனியன் சிட்டியின் வீட்டு வரியை மட்டும் நம்பியிருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளியும் கிடைத்திருக்காது, மொட்டைமாடி மைதானமும் கிடைத்திருக்காது. பணமும், அதை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகள் ஒரே வேலையைப் பொறுமையாகச் செய்த உள்ளூர் ஆட்களும் ஒன்றாக இருந்தார்கள். சூப்பரின்டென்டென்ட் மாறும்போதெல்லாம் திட்டத்தைத் தூக்கி எறியும் மாவட்டங்கள் நிறைய. இந்த ஊரில் அது நடக்கவில்லை.

2008 முதல் நியூ ஜெர்சியில் புதிய நிதிச் சூத்திரம் நடப்பில் இருக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கும் கூடுதல் எடை கொடுத்து, அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பணம் பின்தொடரும்படி செய்திருக்கிறார்கள். எந்த ஊர் எவ்வளவு தன் பங்காகக் கட்ட வேண்டும் என்ற சண்டை மட்டும் ஒவ்வொரு பட்ஜெட் காலத்திலும் தொடர்கிறது.

ஒரு மாவட்டத்தை எப்படிப் பார்ப்பது

வீடு விற்கும் இணையதளங்கள் பள்ளிக்குப் பத்துக்கு இத்தனை என்று எண் போடுகின்றன. அந்த எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தைப் பெரிதும் ஒட்டிப் போகும். ஆகவே அந்த எண் பள்ளியைவிட அக்கம்பக்கத்து வீட்டு விலையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

அதைவிட நல்ல தகவல் இலவசமாகவே கிடைக்கிறது. மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வளர்ச்சிக் கணக்கு: முன்பு ஒரே அளவு மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால், இந்தப் பிள்ளைகள் ஓர் ஆண்டில் எவ்வளவு முன்னேறினார்கள்? அடுத்து, பள்ளி நாள்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வராமல் போனவர்கள் எத்தனை பேர்? ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, ஓடிக்கொண்டே இருக்கிறார்களா? ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் எப்படிப் படிக்கிறார்கள் என்பது தனியாகவே இருக்கும். சராசரிக்குப் பின்னால் யார் மறைந்திருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரியும்.

அப்புறம் பட்ஜெட். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு மாவட்டமும் தன் பட்ஜெட்டின் எளிய சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும். உள்ளூர் வரி எவ்வளவு, மாநில உதவி எவ்வளவு என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாநில உதவியை அதிகம் நம்பியிருக்கும் மாவட்டம் என்றால், தலைநகர் ட்ரென்டனில் எடுக்கும் முடிவு உங்கள் பிள்ளையின் வகுப்பறையை நேரடியாகத் தொடும்.

வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. எடிசன் போன்ற ஊர்களில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வேலை விசாவில் இருக்கின்றன, சொத்து வரி கட்டுகின்றன, ஆனால் குடியுரிமை இல்லாததால் வாரியத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. கூட்டத்துக்குப் போக, எழுந்து நின்று பேச ஓட்டுரிமை தேவையில்லை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கூட்டத்திலும் மக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்த நேரம் போதும்.